டவரைப் பிடித்துக்கொண்ட பொன்னம்மாள்

மலையூர்கள் சில சேர்ந்த வாழவந்தி நாட்டுப் பொன்னம்மாளின் உள்ளங்கையில் வைத்தால் செல்போனுக்குச் சார்ஜ் ஏறும் என்பது 2003-ஆம் ஆண்டு ஐப்பசியில் தெரியவந்தது. மழையில் கம்பங்கள் சாய்ந்து ஊரில் கரண்ட் இல்லாத மாதம் அது. அவள் கணவன் சின்னுசாமி, மிளகு விற்கப் போன இடத்தில் வாங்கி வந்த பழைய போன் அணைந்து கிடந்தது. ஈரத்தில் கெட்டுவிடப் போகிறதே என்று அவள் அதை முந்தானையில் துடைத்துக் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சாமை உலை கொதிப்பதற்குள் போன் முழுச் சார்ஜுடன் விழித்துக்கொண்டது. பொன்னம்மாளுக்குத் தாங்க முடியாத பசி எடுத்தது. அன்று வடித்த சோற்றில் பாதியை அவளே தின்று தீர்த்தாள்.

சேதி பரவியது. மலையில் டவர் இல்லாவிட்டாலும் அடிவாரத்துக்கு இறங்குகிறவர்களிடம் போன் இருந்தது; ஊரில் கரண்டோ அடிக்கடி போகும். போனுக்கு ஓர் உருண்டை ராகிக் களி, டார்ச் லைட்டுக்கு இரண்டு வாழைப்பழம் என்று வழக்கம் ஏற்பட்டது; வருகிறவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தன் காது மெஷினைக் கொடுத்துவிட்டுப் பலாச்சுளை வைத்துவிட்டுப் போனார். சின்னுசாமிக்கு இது பிடிக்கவில்லை. கண்டவன் சாமானை மடியில் வைத்துக்கொண்டு ஓயாமல் தின்கிற பெண்டாட்டி என்று சந்தையில் சிலர் சிரித்திருந்தார்கள்.

“ஏம்புள்ள, ஊடு தேடி வாரவங்ககிட்ட இல்லேன்னு சொல்லிப் பழகு” என்றான்.

“கையில இருக்கறத இல்லேன்னு எப்படிங்க சொல்றது?” என்றாள் அவள்.

அதன்பின் ஆட்கள் வரும்போதெல்லாம் அவன் மரவள்ளிக் காட்டுக்குக் கிளம்பிவிடுவான். இப்படியே மூன்று வருடம் போனது. 2006-இல் ஊருக்குக் கிழக்கே மேட்டில் டவர் வந்தது. சுற்றியுள்ள மூன்று நாட்டுக்கும் அது ஒன்றுதான்; கரண்ட் போனால் டீசலில் ஓடும். மறுவருட மழையில் மலைப்பாதை சரிந்து டீசல் லாரி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. கம்பங்களும் சாய்ந்தன. டவர் அணைந்தது. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு முரளியின் மனைவி கோகிலாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி இருக்கிற செம்மேட்டுக்குப் போகும் தரைப்பாலம் வெள்ளத்தில் முழுகியிருந்தது. தேவனூர் நாடு சுற்றி நடந்து போய் ஆள் கூட்டிவருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

முரளி ஓடிவந்தான். “அத்தே, போன்ல சார்ஜ் நெறையா இருக்குதுங்க. டவர்தான் செத்துக் கெடக்குது” என்றான்.

பொன்னம்மாள் மேட்டுக்கு ஏறிப்போய் டவரின் இரும்புக் காலை இரண்டு கைகளாலும் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முரளிக்குச் செம்மேட்டு நர்ஸ் ருக்குமணி போனில் கிடைத்தாள். காட்டு வழியில் ஜீப்பில் வருவதாகவும், தடம் தெரியாததால் வழி நெடுகப் போனிலேயே சொல்லிக்கொண்டு வரும்படியும் சொன்னாள். ஆகவே டவர் அணையக் கூடாது. பொன்னம்மாளுக்குப் பசியில் கண் இருட்டியது. கையை எடுத்துச் சாப்பிட வழியில்லை. பெண்கள் களிச்சட்டியோடு மேடேறி வந்தார்கள். அந்தச் சட்டியைச் சின்னுசாமி வாங்கிக்கொண்டான். ஊரே பார்த்திருக்க, உருண்டை உருட்டி அவள் வாயில் ஊட்டினான். எந்த ஆம்பிளையும் அந்த ஊரில் அதுவரை செய்யாத காரியம் அது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சின்னுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. “எம்பொண்டாட்டிங்க. மூணு நாடும் இப்ப அவ கையிலதான் பேசிக்கிட்டிருக்குது” என்றான்.

சிரிப்பு நின்றது. வீட்டுக்கு வீடு சட்டிகள் வந்தன. பொழுது சாயும்போது ஜீப் வந்து சேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது; தாயும் பிள்ளையும் சுகம். கரண்ட் வரும்வரை புருஷனும் பெண்டாட்டியும் தினமும் காலையில் டவரைப் பிடிக்க மேட்டுக்குப் போனார்கள். சின்னுசாமி சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சந்தைக்கூட்டத்தின் நடுவாகவே நடந்து போனான்.

கரண்ட் வருவதற்கு முன்பே பாதை சீராகி, டவர் கம்பெனி ஆள் டீசல் டின்களோடு வந்து சேர்ந்தான். டீசல் இல்லாமல் எப்படி ஓடியது என்று கேட்டான். சின்னுசாமி பொன்னம்மாளைக் காட்டினான். வந்தவன் அவளையும் டவரையும் பார்த்தான். “அப்படீன்னா இந்த டின்ன எல்லாம் குண்டூர் நாட்டு டவருக்குக் கொண்டுபோயிடறேங்க” என்று வண்டியைத் திருப்பினான்.

“ஒண்ணு மட்டும் எறக்கி வெச்சுட்டுப் போங்க” என்றான் சின்னுசாமி. “நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் கெழங்கு புடுங்கோணும்.”

கம்பெனி ஆள் ஒரு டின்னை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.