மந்திரம் ஓய்ந்த பிறகு

தங்கை மகள் முத்துசெல்வியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். இருபத்து நான்கு வருஷமாகத் தங்கை ஆனந்தவள்ளி வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் வேற்றுச் சாதிக்காரனோடு ஓடிப்போனவள் என்று குடும்பம் அவளைத் தள்ளிவைத்தது. குடும்பத்துக்கு மூத்தவன் நான். போனால் என் சொல் போகும். போகாவிட்டால் மாமன் மாலை விழாமல் அந்தப் பெண் மணமேடையில் நிற்கும்.

பட்டாளத்தில் இருந்தவன். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் சாமியிடமே கேட்டுவிடலாம் என்று குற்றாலத்தில் சுகந்தி டீச்சரின் யோகா வகுப்பில் சேர்ந்தேன். தினமும் தென்காசியிலிருந்து முதல் பஸ். சாரலில் நனைந்த வேட்டியோடு லாட்ஜ் மாடியில் பாய் விரித்து உட்காருவேன். ‘ஓம் நமசிவாய’ நூற்றெட்டு தரம். முதலில் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, பிறகு மனசுக்குள். அதன்பின் கேள்வியை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

தினமும் ஒரே பதில்தான் வந்தது. ‘ஓடிப்போனவ வீட்டுக்குப் போகாதே.’ ஈசனே சொல்லிவிட்டான் என்று நிமிர்ந்து பஸ் ஏறினேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது டீச்சர் கேட்டார். “அண்ணாச்சி, மந்திரம் சொல்லுதியளா, அதட்டுதியளா? சாமியவே சல்யூட் அடிக்கச் சொல்லுவிய போலிருக்கே.”

பக்கத்துப் பாய்க்காரர்கள் சிரித்தார்கள்.

“பதில் வந்துட்டு டீச்சர். போவக்கூடாதாம்.”

“யாரு குரல்ல வந்துச்சு?”

“என் குரல்லதான்.”

“அப்ப நீங்க என்னைக்கோ சொன்னதத்தான் திருப்பிக் கேட்டிருக்கிய. இன்னொருக்க மெள்ளச் சொல்லுங்க. அந்தக் குரலும் ஓஞ்சப்பொறவு என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க.”

மெல்லச் சொன்னேன். எண்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. சத்தமெல்லாம் அடங்கிய இடத்தில் ஆனந்தவள்ளி நின்றாள், ஈரத் தலையோடு, தொழுவத்து வாசலில். “அண்ணே, அவரக் கட்டிக்கிடட்டுமா? நீ சரின்னாத்தான்.” நான் லீவில் வந்திருந்த அந்த மாதத்தில் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போன பிறகு சொந்தக்காரர்கள் கூடிக் கேட்டபோது, ‘எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல’ என்றேன். தெரிந்தும் தடுக்காதவன் என்று என்னைச் சொல்லிவிடுவார்களே! இத்தனை வருஷமும் நான் காத்த மானம் அந்தப் பொய்யின் மேல்தான் நின்றது.

கல்யாணத்தன்று மாலைத் தட்டோடு மண்டபத்துக்குப் போனேன். ஆனந்தவள்ளி எதிரே வந்தாள். அழவில்லை. தட்டை வாங்கவுமில்லை.

“மாலைய அப்புறம் போடலாம். நான் ஓடிப்போனவளாண்ணே?”

“இல்லம்மா.”

“எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரியாதா? அந்தா சித்தப்பா உக்காந்திருக்காவ. அவியகிட்டச் சொல்லு.”

நான் வருவேனா என்று பார்க்கவே வந்திருந்த எங்கள் ஆட்களோடு சுடலைக்கண்ணு சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். “ஏலே, கடைசில நீயும் ஓடுகாலி வீட்டு விசேஷத்துக்கு வந்துட்டியா?” என்றார்.

“அவ ஓடல சித்தப்பா. எங்கிட்ட மூணு தரம் கேட்டா. நாந்தான் வாயத் திறக்கல. ஒங்க எல்லார்ட்டயும் பொய் சொன்னேன்.”

மேளம் நின்றிருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. சித்தப்பா கம்பை ஊன்றி எழுந்தார். என்னைப் பார்க்காமல், என்னைத் தாண்டிப் போய், ஆனந்தவள்ளியின் முன்னால் கைகூப்பி நின்றார்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் கூப்பிடும்வரை மாலையோடு அங்கேயே நின்றேன்.