மூலை நசுங்கிய தட்டு

அக்கா பன்னிரண்டரை பஸ்ஸில் வருகிறாள். மணி பதினொன்றேகால் ஆகியும் நான் ஓவனைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் சான் கிறிஸ்டோபல் ஊரில் யார் வீட்டு ஓவனைத் திறந்தாலும் சட்டி பானைதான் இருக்கும். சமையலெல்லாம் மேலே அடுப்பில்தான். ஆனால் அக்கா பியோர்தாலிசாவுக்குப் பொரித்தது ஆகாதாம். பதினோரு வருஷமாக என்னோடு பேசாதவள், போன புதன்கிழமை தானாகவே போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன். பொரிச்சது வேண்டாம், டாக்டர் திட்டுவார்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டைக்கோஸைத் தண்டோடு கனமாக வில்லை போட்டு, எண்ணெய், பூண்டு, உப்பு தடவி, ஓரம் சிவக்க ஓவனில் வைக்கச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து வீட்டு நிடியா. வில்லைகள் தயார். தட்டுதான் இல்லை.

கடைசிச் சட்டியை இழுத்தேன். அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே, ஒரு மூலை நசுங்கிய தகரத் தட்டு. கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் தட்டு.

அம்மா இறந்து, ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அக்கா இதைத்தான் கேட்டாள். நான் எடுக்கவில்லை என்றேன். அவள் விடவில்லை. அம்மா மேல் சத்தியம் செய்தேன். பொய்க்காரி என்று சொந்தக்காரர்கள் முன்னால் கத்திவிட்டுப் போனாள். அடக்கத்தன்று மீந்த சோற்றை இதில் போட்டு நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன், கழுவி ஓவனுக்குள் தள்ளியிருக்கிறேன், சுத்தமாக மறந்திருக்கிறேன். என்னை என்ன செய்தால் தகும்?

என் வீட்டுக்காரர் எலிஹியோ எட்டிப் பார்த்தார். "பேசாம கட்டிலுக்கு அடியில தள்ளு. நான் ஓடிப்போய் வேற தட்டு வாங்கிட்டு வரேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்போ இன்னொரு பதினோரு வருஷத்துக்குத் தயாரா இரு."

வாய்க்கொழுப்பு. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. தட்டை மறைத்தேன், எடுத்தேன், மறுபடி மறைத்தேன். பன்னிரண்டு அடித்தது. வருவது வரட்டும் என்று அதிலேயே வில்லைகளை அடுக்கி உள்ளே தள்ளினேன். அதன்பின் ஓவன் கதவை எத்தனை தடவை திறந்தேன் என்று கணக்கில்லை. அதனாலேயே பாதி வேகாமலும் பாதி கருகியும் வந்தது.

வந்து நின்ற அக்கா இளைத்திருந்தாள். தட்டை அப்படியே மேஜையில் வைத்தேன். அவள் விரல் நசுங்கிய மூலைக்குப் போனது.

"எங்க இருந்துச்சு?"

"ஓவனுக்குள்ள. சட்டிக்கெல்லாம் அடியில. இன்னைக்குத்தான் பார்த்தேன்க்கா. நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

அவள் ஒரு வில்லையை எடுத்து மெதுவாக மென்றாள்.

"உப்பு பத்தல," என்றாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டே, "என் ஓவனுக்குள்ள என்ன கிடக்குதுன்னு எனக்கே தெரியாது. உன்னைப் போய் ஊர் முன்னாடி பொய்க்காரின்னு சொன்னேனேடி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எலிஹியோ நைசாக வாசலுக்கு நழுவிவிட்டார்.

கிளம்பும்போது தட்டைக் கழுவித் துடைத்து நீட்டினேன். "எடுத்துட்டுப் போ. உனக்குத்தான்."

அவள் அதை வாங்கி, ஓவனைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வேக வை."