சுத்தம் என்று எழுதிய புட்டி

நெட்டையன் எழுத்துக் கற்றது நாற்பத்தைந்து வயதில். அந்த எழுத்துக்கு முதல் வேலை கொடுத்தவள் சோதனைக்காரம்மா.

மலைச் சுரங்கத்தில் கல்லை அரைத்து, தாதுவை எடுத்துக்கொண்டு, மிச்சச் சேற்றை ஆற்றில் தள்ளினார்கள். ஆறு அதைச் சுமந்து வந்து, கடலுக்கு முன்னால் தான் கிளைகிளையாகப் பிரியும் தாழ்நிலத்தில் இறக்கி வைத்தது. அதில் எவ்வளவு நஞ்சு என்று அளக்க வந்தவள் அவள். அவன் சேற்றில் குழாயை இறக்கி, மண்ணை உருவிப் புட்டியில் அடைத்து, இடத்தின் பெயரை எழுதி ஒட்டுவான்.

ஒப்பிட்டுப் பார்க்க, சேறு எட்டாத மேல்கிளையிலிருந்து ஒரு புட்டி மண் வேண்டும். அன்று அவளுக்குக் காய்ச்சல். அவனைத் தனியே அனுப்பினாள். அரை நாள் துடுப்பு போடவேண்டும், முதுகு ஒத்துவரவில்லை. மண்ணுக்கு மண் என்ன பெரிய பேதம் என்று தன் வீட்டுக் கொல்லையில் அள்ளி, ‘சுத்தம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டான்.

இன்று காலை முடிவு வந்தது.

“நெட்டை, விஷயம் தெரியுமா? ஆத்து முகத்துச் சேறும் மேல்கிளை மண்ணும் ஒண்ணுதான். ஈயம் ரெண்டுலயும் ஒரே அளவு. இந்தப் பக்கத்து மண்ணோட குணமே அப்படின்னு எழுதி அனுப்பிடலாம். எல்லாருக்கும் நிம்மதி.”

அப்படியானால் அவன் கொல்லையிலும் அதே ஈயம். மசக்கை கண்டதுமே பிரசவத்துக்கு வந்துவிட்ட மகள் அந்தக் கொல்லையில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருஷம் மழை பெய்தும் அங்கே ஒரு தவளை கத்தவில்லை. எறும்பு கூட ஊரவில்லை. ‘தொல்லை விட்டது’ என்று அவனே சொல்லிச் சிரித்திருந்தான்.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறந்தான்.

“அம்மா, அது மேல்கிளை மண்ணு இல்ல. என் வீட்டுக் கொல்லை மண்ணு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அடப்பாவி” என்றாள், சத்தமே வராமல். “குழாயை எடு. வா.”

கொல்லையில் குழாய் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. முழங்கை ஆழம், சாம்பல் நிறம். இடுப்பளவு, அதே சாம்பல். அடியிலிருந்த பழைய கருப்பு மண் வரவே இல்லை.

“வெள்ளம் வந்து வருஷாவருஷம் மேடாக்கிக் கொடுத்துச்சும்மா. கும்பிட்டுக்கிட்டோம்” என்றான்.

மகள் பின்வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எட்டு மாத வயிறு. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா திங்கிற?” என்றான்.

அவள் வெட்கத்தோடு கையை விரித்தாள். காய்ந்த சாம்பல் சேற்றுக் கட்டி, பாதி கடித்தது.

“மசக்கையில இருந்தே மண்ணுமேல ஆசைப்பா. யாருகிட்டயும் சொல்லல. இதுல ஒரு கல்லு கிடையாது, மாவாட்டம் கரையுது.”

சோதனைக்காரம்மா அவள் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். “எத்தனை மாசமா?”

மகள் சிரித்தபடியே விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து, அடுத்த கைக்குப் போனாள்.