நுரை காட்டிய வழி

வெர்லின் ஸ்கோகனுக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. அக்டோபரில் விஸ்கான்சின் காடு முழுக்க மேப்பிள் இலை உதிர்ந்து கிடக்கும்போது, இப்படியொரு கண்ணை வைத்துக்கொண்டு வில்லெடுப்பது வீம்பில்லாமல் வேறென்ன? இருபத்திரண்டு வருடமாக எய்வது அவன். ரத்தத் தடம் பிடித்துப் போவது மனைவி மார்சி. அவள் பக்கத்தில் இல்லாமல் அம்பு விடுவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

இன்று அவள் சீஸ் ஆலையில் வேலையில் இருந்தாள். எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண் மான் இருபது கஜத்தில் வந்து நின்றது. வாக்கு காற்றில் போயிற்று. அம்பு வயிற்றில் பாய்ந்தது. மான் ஒரு துள்ளுத் துள்ளி, முதுகைக் கூனிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தது.

வயிற்றில் அடிபட்ட மான் லேசில் சாகாது. தேடிப்போய் முடித்து வைக்காவிட்டால் நாளெல்லாம் துடிக்கும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மார்சிக்குப் போன் போட்டான்.

"நான் வர ஒரு மணி நேரம் ஆகும். இருந்த இடத்தை விட்டு அசையாதே. தடத்தை மிதிச்சுக் கெடுத்துடுவே."

"மழை வந்துடும், மார்சி."

"இவ்வளவு அக்கறை அம்பு விடறதுக்கு முன்னாடி இருந்திருக்கணும்."

அவள் பேச்சை அவன் கேட்கவில்லை. காயத்துக்குப் போடும் பெராக்சைடு புட்டியைப் பையிலிருந்து எடுத்தான். ரத்தத்தில் பட்டால் அது வெள்ளையாக நுரைக்கும். வெள்ளை அவனுக்கும் தெரியும். முட்டி போட்டு இலை இலையாகத் தெளித்தான். ஒன்றும் நுரைக்கவில்லை. முள்கம்பி வேலிக்கடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனதும் ஓர் இலை நுரைத்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கையை எட்டி நீட்டித் தெளித்த இடத்திலெல்லாம் நுரை. வெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மார்சி வருவதற்குள் மானைக் காட்டிவிடலாம் என்று தவழ்ந்துகொண்டே போனான்.

ஒரு மணி நேரம் கழித்து மார்சி வந்து அவன் பின்னால் நின்றாள்.

"வெர்லின், கையைக் காட்டு."

"இரு, நல்ல தடம் கிடைச்சிருக்கு."

"கையைக் காட்டுங்கறேன்ல!"

சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது. கையுறை சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. மருந்து ஈரம் என்று நினைத்திருந்தான். குளிரில் விறைத்த கையில் வலியும் தெரியவில்லை.

"வேலிக் கம்பி கிழிச்சிருக்கு, மனுஷா. இத்தனை நேரமா உன்னையே நீ வேட்டையாடிட்டு இருந்திருக்கே." சிரிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கையை இறுகக் கட்டினாள். "மான் வேலியைத் தாண்டவே இல்ல. அந்தப் பக்கம் ரெண்டு சொட்டு பார்த்தேன். வா."

வேலியைத் திரும்ப எட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மார்சி குனிந்து குனிந்து தேடினாள். அவன் பின்னால் நின்று விரலை நீட்டினான்.

"அது?"

"இலை."

"இது?"

"இலைதான், வெர்லின்."

நனைந்த இலையெல்லாம் பளபளத்தது. மார்சி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ எனக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அந்த மரங்களுக்குள் எங்கோ மான் இன்னும் உயிரோடு கிடந்தது. வெர்லின் கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டபடி மழையில் நின்றான்.