ஸ்வீகாரம் போன பிள்ளை

இஷிதோரி நோபுகாகே ஏழு முறை கட்சி மாறினார். நம்மூர் எம்.எல்.ஏ.க்கள் கேள்விப்பட்டால் படம் மாட்டிக் கும்பிடுவார்கள். ஆனால் அவர் மேல் தப்பில்லை. ஜப்பான் முழுக்க ஆளாளுக்குக் கோட்டை கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கே ஒரு பெரும் பிரபு, தெற்கே ஒரு பெரும் பிரபு. நடுவில் நாற்பது கிராமத்தை வைத்துக்கொண்டு இவர். மாறாமல் எப்படி உயிரோடு இருப்பது?

நோபுகாகே கற்பனை மனிதர்தான். இருபத்துநாலு பாகமுள்ள ஜப்பானியத் தொடர் ஒன்றின் கதாநாயகர். அவரைத் தமிழ் பேசவைக்கும் வேலை ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் இருக்கும் சாரங்கபாணிக்கு வந்திருந்தது. சென்னையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சென்னை டப்பிங் ஸ்டூடியோக்காரர்கள் பாகம் பாகமாக அனுப்புவார்கள். இவர் உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வசனம் எழுதி அனுப்புவார்.

பதினெட்டு பாகம் மளமளவென்று முடிந்தது. பத்தொன்பதில் மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். நோபுகாகேக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனை வடக்குப் பிரபுவிடம் பிணையாக அனுப்பினார். அடுத்த வருஷமே கட்சி மாறினார். மூத்தவனின் தலை போயிற்று. ஒன்பது வயது இளையவனை வாரிசில்லாத தெற்குப் பிரபுவுக்குத் தத்துக் கொடுத்தார். குடும்பப் பெயர் மாறியது, கும்பிடும் முன்னோர்களும் மாறினார்கள். இருபது வருஷம் கழித்து அந்த இளையவனே படையோடு வந்து பெற்றவரின் கோட்டையை வளைத்துக்கொண்டான். கிழவர் வெளியே வந்து சேற்றில் மண்டியிட்டு, தாம் பெற்ற பிள்ளையை ஊரான் பெயர் சொல்லி, மரியாதையாக வரவேற்கிறார். நாலு விநாடிக் காட்சி. மூன்று நாளாகச் சாரங்கபாணிக்கு ஒரு வரி வரவில்லை.

வராததற்குக் காரணம் ஜப்பானிய மொழி இல்லை, மகன் பிரஹலாத். ஏழு வருஷமாக ஜப்பானில் வேலை. ஹயாமி என்பவரின் ஒரே பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். அவர்கள் பதினோரு தலைமுறையாகச் சோயா சாஸ் தயாரிக்கிற குடும்பம். ஆண் வாரிசு இல்லை. மாப்பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை வாங்கி, ஹயாமி என்ற பெயரையும் ஏற்று, தங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட வேண்டும் என்று கேட்டார்கள். "அப்பா சம்மதிச்சாதான்" என்று பிரஹலாத் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஹயாமியே வீடியோ காலில் முறைப்படி கேட்கப்போகிறார்.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் போடுகிறோம். அதனால் ஜப்பானில் ஏழு வருஷமாக ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அவனை எல்லோரும் "சாரங்கபாணி சான்", அதாவது சாரங்கபாணி சார், என்றுதான் கூப்பிட்டார்கள். சாரங்கபாணிக்கு அதில் உள்ளூரப் பெருமை. அந்தப் பெயர்தான் இப்போது போகப்போகிறது. மனுஷனுக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. சாரங்கபாணியே ஸ்வீகாரம், அதாவது தத்து, போனவர். ஐந்து வயதில், பிள்ளையில்லாத தாயாதி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் இருந்தது வடக்கு உத்திர வீதியில், நடக்கிற தூரம்தான். இனிஷியல் மாறியது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போனால் விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி நுனி இலை போட்டார்கள். அதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி ஹம்ஸா காபியோடு வந்து பத்தொன்பதாம் பாகத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குடுமிப் பிராமணன் ஏன்னா சேத்துல உக்காந்திருக்கார்?"

"பிராமணன் இல்லைடி, பிரபு. எதிர்ல குதிரைமேல இருக்கானே, அது இவர் தத்துக் கொடுத்த பிள்ளை."

"இன்னொரு பிள்ளை உண்டுன்னேளே?"

"அவனைக் கொன்னுட்டா. தத்துக் கொடுத்த பிள்ளைதான் பிழைச்சான்."

"அப்புறம் என்ன யோசனை?" என்றாள் ஹம்ஸா. "பிரஹலாத் நம்மகிட்ட இருக்கணும்னு நினைக்கறேளா, நன்னா இருக்கணும்னு நினைக்கறேளா?"

சாரங்கபாணிக்குக் கோபம் வந்தது. காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஹயாமி திரையில் வந்தார். எழுபது தாண்டியவர், கறுப்புக் கோட்டு. பக்கத்தில் பிரஹலாத், முழங்காலைக் கட்டிப்போட்ட மாதிரி மடக்கி உட்கார்ந்திருந்தான். கிழவர் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார். "உங்கள் மகனை எங்களுக்குத் தாருங்கள்" என்றார்.

குனிந்தவர் நிமிரவில்லை. சாரங்கபாணிக்கு அவர்மேல் வந்திருந்த எரிச்சலெல்லாம் அந்த வெள்ளை முடியைப் பார்த்ததும் போய்விட்டது. பாவம், இவருக்கும் வீட்டில் விளக்கு அணையக்கூடாது. ஆனால் சாரங்கபாணி பதிலை ஹயாமியிடம் சொல்லவில்லை. மகனைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"பிரஹலாத், என்னைப் பெத்தவர் போனப்போ எனக்கு மூணு நாள் தீட்டுதான்னு ஆத்து வாத்தியார் சாஸ்திரம் பார்த்துச் சொல்லிட்டார். பத்து நாள் கிடையாது, ஸ்வீகாரம் போனவனுக்கு அவ்வளவுதானாம். நாலாம் நாள் தலைக்குக் குளிச்சுட்டு ஆபீஸ் போனேன். ஒருத்தர் துக்கம் கேக்கலை. அழணும்னு இருந்தது, எங்க போய் அழறதுன்னு தெரியலை."

ஹம்ஸா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நாலாம் நாள் டிபன் டப்பா கட்டிக்கொடுத்தவள் அவள்தான்.

"நீ அந்தப் பேரை வெச்சுக்கோ. நன்னா இரு. ஆனா நான் போனா மூணு நாள்ல கிளம்பிடாதே. எந்த சாஸ்திரத்தையும் கேக்காதே. பத்து நாளும் இங்க இருந்து அழுதுட்டுப் போ."

பிரஹலாத் அங்கேயே அழுதான்.

ஹயாமி பயந்துபோய் நிமிர்ந்து, அப்பா என்ன சொன்னார் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாரங்கபாணியே சுத்தமான ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார்.

"சம்மதம் என்று சொன்னேன்."