மூன்று முறை எழுதிய ‘இல்லை’

“நீ கை தூக்கினா போதும். நம்ம பொண்ணுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்காது.”

“என் ஒரு கையால என்னங்க ஆகிடும்?”

“பதினோரு பேர்னு நீதானே சொன்ன? அஞ்சு பேர் ஏற்கெனவே சரிங்கறாங்க. ஆறாவது நீ.”

காலையில் கணவர் சொன்னது கூட்ட அறையிலும் டாக்டரம்மாவின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. மூளைக்காய்ச்சலில் மகள் போய் நான்கு வருடம். அதன் பிறகுதான் இந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கலாமா என்று முடிவெடுக்கத்தான் இந்த நிபுணர் குழு.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் ஒரு படிவம் வரும். இந்தத் தடுப்பூசியோடு உங்களுக்கோ குடும்பத்துக்கோ சம்பந்தம் உண்டா? கம்பெனிப் பணம், பங்கு என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘வேறு ஏதேனும்’. உண்டு என்று எழுதுபவர் ஓட்டெடுப்பில் உட்காரக் கூடாது. மகள் போனதும் இதில் சேருமா என்று முதல் கூட்டத்திலேயே தலைவரிடம் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. இழவு என்ன லாபமா, அதை எழுத? இன்று மூன்றாவது கூட்டம், இன்றும் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தாள்.

பக்கவிளைவு ஆய்வுகளைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலை அவளுடையது. புள்ளியியல்காரர் அவளுடைய பட்டியலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“நாப்பது குழந்தைங்க, சின்ன ஆய்வுன்னு இதைத் தள்ளிட்டீங்க. இதுலதான் ரெண்டு பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. பக்கத்துல இருக்கற ஆய்வுல முப்பத்தெட்டே பேர், ஒரு தொந்தரவும் இல்லையாம். அதை மட்டும் வச்சுக்கிட்டீங்க. பெத்த பொண்ணுக்கு வரன் பாக்குறப்ப குறையை மறைக்கிற மாதிரியில்ல இருக்கு, டாக்டரம்மா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்றைத் தள்ளி மற்றதை வைத்துக்கொண்டதே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சரி, அதைத் திரும்பச் சேர்த்துக்கலாம். ஓட்டுக்குப் போவோமா?” என்றார் தலைவர்.

அவள் இல்லாவிட்டால் ஐந்துக்கு ஐந்து. பரிந்துரை விழுந்துவிடும், மறுபடி எடுக்க இரண்டு வருடமாவது ஆகும். அதற்குள் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள்? கணவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் கீச்சிட்டது.

“ஐயா, முதல் கூட்டத்துலயே கேட்டிருக்கணும். என் பொண்ணு இந்தக் காய்ச்சல்லதான் போனா. என்னை வெளியே அனுப்பிடுங்க.”