கேப்டனை இறக்கும் உத்தரவு

நட்பு நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த கேப்டன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அணிவகுப்பு மைதானத்தில் தரையிலிருந்து இரண்டு முழம் மேலே போய் நின்றுவிட்டார். காற்று அதிகமில்லை. அவர் பூட்ஸின் அடிப்பாகத்துக்கும் பாலிஷ் போடுகிறவர் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

தப்பு கவாத்து வாத்தியாருடையது. எமனையே வரிசையில் நிறுத்தும் தொண்டை அவருக்கு. "கேப்டன் சார், நிமிருங்க! இன்னும்! இன்னும்! நான் சொல்ற வரைக்கும் எதுவும் இறங்கக் கூடாது!" என்று கத்தினார். ஒவ்வொரு 'இன்னும்'முக்கும் கேப்டன் ஒரு முழம் ஏறினார். கத்திய கத்தலில் வாத்தியாரின் குரல் அறுந்துபோனது.

கமாண்டன்ட் ஓடிவந்து இறங்கச் சொன்னார். கேப்டன் மரியாதையாகச் சல்யூட் அடித்தார். "மன்னிக்கணும் சார். எங்க ராணுவத்துல உத்தரவு போட்டவர்தான் அதை எடுக்கணும். வாயால எடுக்கணும்." வாத்தியார் கையைக் கையை ஆட்டிப் பார்த்தார். செல்லவில்லை. சைகை காக்கா ஓட்டத்தான் என்பது அந்த ராணுவத்தின் கொள்கை.

கேப்டன் வகுப்புகளுக்கு அந்தரத்திலேயே நடந்து வந்தார். வரைபடங்களை மேலிருந்து பார்த்ததால் மதிப்பெண்களை அள்ளினார். இதற்கிடையில் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. "அந்தரத்துல நிக்கிறவர் கையில பச்சப்புள்ளையத் தர மாட்டேன்" என்று மனைவி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்று கேப்டன் அழுதார். கண்ணீர் மட்டும் ஒழுங்காகத் தரைக்கு வந்தது.

அதைப் பார்த்த நாளிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. "வீட்டுக்குன்னு கொஞ்சம் தொண்டைய மிச்சம் வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே அவர் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பலனில்லை.

பயிற்சி முடிந்தது. இரண்டு ராணுவங்களும் கலந்து பேசி, கூட்டுப் பயிற்சி என்ற தலைப்பில் வாத்தியாரையும் கூடவே அனுப்பின. விமானத்தில் இரண்டு பெல்ட்டுகளைச் சேர்த்துக் கேப்டனைக் கட்டினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கேப்டனின் மனைவி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. கவாத்து மைதானமே தோற்கும் குரல். வாத்தியாருக்குத் தொண்டை திறந்தது. ஆயுளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"இறங்குங்க சார். பாப்பா அழுது."

கேப்டன் இறங்கினார். மனைவி குழந்தையைக் கையில் கொடுத்தாள். வாத்தியார் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வருடாவருடம் அந்த நாட்டு அதிகாரிகள் வருகிறார்கள். காலையில் ஏறுகிறார்கள். சாப்பாட்டு மணிக்கு முன்னால் வாத்தியார் ஒவ்வொருவரையும் மெல்லப் பேசி இறக்கிவிடுகிறார்.